105 அடியை 98 அடி முந்தியது எப்படி?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "சார், மூணு அணையோட நீர்மட்டத்த ஜாவாஸ்கிரிப்ட்ல லூப் போட்டு ஒப்பிட்டேன். பாபநாசம் 105 அடி, சேர்வலாறு 121, மணிமுத்தாறு 98. எது அதிகம்னு கேட்டா மணிமுத்தாறுங்குது. லூப்ல தப்பே இல்ல சார்." எண்கள் பயிற்சிக்காக அவரே போட்டவை.

ஜாவாஸ்கிரிப்ட் வலைப்பக்கங்களுக்கான நிரல்மொழி; லூப் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை. லூப்பில் தப்பில்லைதான். அரே என்ற பட்டியலில் ஒவ்வொரு அணையும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது விவரங்களின் பொட்டலம். அதற்குப் பெயர், மட்டம் என்று இரண்டு ப்ராப்பர்ட்டி. முதல் அணையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்ததன் மட்டம் அதைவிட அதிகமானால் மாற்றிக்கொள்கிறார். சந்தையில் மாங்காய் பொறுக்குவது போலத்தான்.

வில்லங்கம், மட்டம் வந்த வழியில். வலைப்பக்கப் பெட்டியில் எண்ணைத் தட்டினாலும் அது ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாகத்தான் கைக்கு வரும். இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் அளவைப் பார்க்காது; அகராதியில் சொல் தேடுவது போல எழுத்தெழுத்தாகப் போகும்.

முதலில் 121, 105. இரண்டிலும் முதல் எழுத்து 1, சரி, அடுத்தது. 2-ம் 0-ம். 2 பெரியது, சேர்வலாறு ஜெயித்தது. அப்புறம் 98 வருகிறது. அதன் முதல் எழுத்து 9, எதிரில் 1. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 0-க்கு 48, 1-க்கு 49, அப்படியே போய் 9-க்கு 57. 57 பெரியது, அங்கேயே தீர்ப்பு. பின்னால் எத்தனை இலக்கம் நிற்கிறது என்று ஏறெடுத்தும் பார்க்காது. மணிமுத்தாறில் வெறும் 9 அடி தண்ணீர் கிடந்தாலும் இதே முடிவுதான்!

கம்ப்யூட்டருக்குத் திருநீறு பூசச் சொன்னாராம் அவருடைய நண்பர். தாராளமாகப் பூசுங்கள், மானிட்டர் கோபிக்காது. ஆனால் முதலில் டைப்ஆஃப் போட்டு, கையில் இருப்பது எண்ணா ஸ்ட்ரிங்கா என்று பாருங்கள். ஸ்ட்ரிங் என்றால் நம்பர் ஃபங்ஷனில் கொடுத்து எண்ணாக்குங்கள். "105 அடி" என்று தட்டியிருந்தால் மட்டும் நேன் (NaN, 'எண் அல்ல') வரும். அதைவிட எதுவும் பெரிதில்லை, சிறிதும் இல்லை. முதல் அணையிலேயே அது உட்கார்ந்துவிட்டால் லூப் முடியும்வரை நகராது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். அணைகளின் முழு உயரம் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மட்டத்தை அதால் வகுத்தேன்; வகுக்கும்போது ஸ்ட்ரிங் தானாகவே எண்ணாகிவிடும். பாசனக்காரர் கேட்பதும் அணை நிரம்ப எவ்வளவு குறை என்றுதானே? பாபநாசம் 73 சதவீதம், சேர்வலாறு 78, மணிமுத்தாறு 83. மறுபடியும் மணிமுத்தாறு!