மரத்துப்போன இடம் எப்படி எரியும்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்த்தவர். மார்பகப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புண் ஆறிவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் அக்குளும் மேல்கையின் உள்பக்கமும் இரவு பகலாக எரிகின்றன. ஜாக்கெட் துணி உரசினாலே தாங்க முடியவில்லையாம். "கிள்ளுனா தெரியாத இடம் எப்பிடி சார் எரியும்? வீட்டுல உள்ளவங்க எல்லாம் எனக்க மனசுல உள்ள பயம்தான்னு சொல்லுதாவ."

வீட்டில் உள்ளவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எரிச்சல் கற்பனை இல்லை. நரம்பு வெட்டுப்பட்ட பிறகு தண்டுவடத்துக்குள் நடக்கும், ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டப்பட்ட ஒரு மாற்றத்தின் விளைவு.

இரண்டாவது விலா இடுக்கிலிருந்து கிளம்பும் மெல்லிய நரம்பு ஒன்று அக்குளைக் குறுக்கே கடந்து மேல்கையின் உள்பக்கத் தோலுக்குப் போகிறது. தசையை அசைக்கும் வேலை அதற்குக் கிடையாது, தோலின் உணர்வை மட்டும் சுமக்கிறது. கணுக்களை எடுக்கப் போகும் மருத்துவரின் வழியில் கிடப்பது இதுதான். சில நேரம் காப்பாற்றிவிடலாம், சில நேரம் இழுபடும், சில நேரம் வெட்டத்தான் வேண்டியிருக்கும். டென்மார்க்கில் நடத்தி 2009இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஆபரேஷன் முடிந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆன பெண்களில் 47 சதவீதம் பேர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். அக்குள் கணுக்களை முழுவதும் எடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ஆகவே நம் வாசகி தனி ஆள் இல்லை.

வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருக்காது. மறுபடி வளரப் பார்க்கும். போக வழி கிடைக்காவிட்டால் முனையிலேயே சுருண்டு சிறு முடிச்சாகிவிடும். சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயில்கள் அந்த முடிச்சில் அளவுக்கு மீறிக் குவிகின்றன. நரம்புச் சமிக்ஞை என்பதே சோடியம் உள்ளே பாய்வதுதான் என்று பள்ளியில் படித்திருப்போம். அதனால் யாரும் தொடாமலே அந்த முடிச்சு தானாகச் சமிக்ஞை அனுப்பத் தொடங்குகிறது. 1974இல் பாட்ரிக் வாலும் மைக்கேல் கட்னிக்கும் எலிகளின் நரம்பு முடிச்சில் இதைப் பதிவு செய்து காட்டினார்கள். சமிக்ஞை நடுவழியில் பிறந்தது என்பது மூளைக்குத் தெரியாது. அந்த நரம்பு எந்தத் தோலுக்கு உரியதோ அங்கிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். தோலிலிருந்து வர வேண்டிய சேதி வராததால் கிள்ளினால் தெரியவில்லை. முடிச்சிலிருந்து சேதி வந்துகொண்டே இருப்பதால் எரிகிறது. இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றாக இருக்க முடியும். எடுத்துவிட்ட மார்பில் அரிப்பு எடுப்பதை வெளியே சொல்லச் சில பெண்கள் கூச்சப்படுவார்கள், அந்த அரிப்பிலும் இதற்குப் பங்கு உண்டு.

சரி, ஜாக்கெட் துணி பட்டால் ஏன் உயிர் போகிறது? துணி உரசுவது பக்கத்துத் தோலையும்தான். அங்கே நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து போவது வெறும் தொடு உணர்வு. அது வலியாக மாறும் இடம் தண்டுவடத்தின் பின்புறப் பகுதி. இதை விளக்கும்போது மட்டும் எனக்கு அவசரப்பட மனம் வராது.

தொடுதலைச் சொல்லும் தடித்த நரம்பிழைகளும் வலியைச் சொல்லும் மெல்லிய இழைகளும் தண்டுவடத்தின் அந்தப் பகுதியில்தான் நுழைகின்றன. வலியை மேலே அனுப்பும் செல்களைச் சுற்றி, அவற்றை அடக்கி வைப்பதையே வேலையாகக் கொண்ட சின்னஞ்சிறு செல்கள் இருக்கின்றன. அவை காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. காபா வந்து ஒட்டியதும் வலிச் செல்லின் சவ்வில் குளோரைடு அயனிக்கான வாயில் திறக்கும். குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. அது உள்ளே வந்தால் செல் அமைதியாகும். நாள் முழுவதும் துணி உடம்பில் உரசியும் நமக்கு வலிக்காமல் இருப்பதற்கு இந்த அடக்கம் முக்கியக் காரணம்.

ஆனால் வாயில் திறப்பதால் மட்டும் குளோரைடு உள்ளே வந்துவிடாது. குளத்து மடையைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை மடையா முடிவு செய்கிறது? குளத்தின் மட்டம் உயர்ந்து வயலின் மட்டம் தாழ்ந்திருந்தால்தான் வயலுக்குப் பாயும். அதுபோல, செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருந்தால்தான் காபாவின் அடக்கம் பலிக்கும். அப்படிக் குறைத்து வைக்க ஒரு புரதம் ஓயாமல் வேலை செய்கிறது. அதன் பெயர் கேசிசி2. ஒரு பொட்டாசியத்தோடு ஒரு குளோரைடைச் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த நரம்பு வெட்டுப்படுகிறது. தண்டுவடத்தில் கேசிசி2 குறைகிறது. குளோரைடு செல்லுக்குள் தேங்குகிறது. அடக்கும் செல்கள் எப்போதும் போலக் காபாவைச் சுரக்கின்றன, வாயிலும் திறக்கிறது, ஆனால் குளோரைடு உள்ளே பாய மட்ட வித்தியாசம் இல்லை. சில செல்களில் ஓட்டம் திசையே மாறி, அடக்க வந்த காபா தூண்டிவிடவும் செய்கிறது. 2003இல் கனடாவில் ஈவ் டி கோனின்க் குழுவினர் எலிகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். நரம்பில் காயமே இல்லாத எலிகளில் கேசிசி2வை மட்டும் தடுத்தபோதும் அவை வலியைச் சீக்கிரமாக உணர்ந்தன. இன்னொரு அழகு: கருவிலும் பிறந்த புதிதிலும் இந்தப் புரதம் குறைவு, அப்போது காபா தூண்டும் பொருளாகத்தான் இருக்கிறது. வளர வளரத்தான் அடக்கும் பொருளாகிறது. காயம்பட்ட தண்டுவடம் அந்தப் பழைய நிலையை நோக்கித் திரும்பிவிடுகிறது.

கேசிசி2வைக் குறைப்பது யார்? தண்டுவடத்தில் காவல் இருக்கும் மைக்ரோகிளியா என்ற செல்கள் என்று 2005இல் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகு பல வருடங்கள் உலகமே மைக்ரோகிளியாவின் பின்னால் ஓடியது. 2015இல்தான் வந்தது அதிர்ச்சி. ஆண் எலிகளில் வலியைத் தூண்டுவது மைக்ரோகிளியா. பெண் எலிகளில் அந்த வேலையை நோய் எதிர்ப்புச் சக்தியின் வேறு செல்கள் செய்வதாகத் தெரிந்தது. அதுவரை பெரும்பாலான வலி ஆய்வுகள் ஆண் எலிகளிலேயே நடந்திருந்தன. வழி வேறானாலும் கேசிசி2 குறைவது இருபாலிலும் நடக்கிறது என்று பிறகு உறுதியானது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்திய இந்த வலியைச் சுமப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். அவர்களுக்கான மருந்தைத் தேட ஆண் எலியிலேயே இத்தனை காலம் நின்றோம் என்பது எனக்கு ஆறாத கோபம். கட்டியைச் சுருக்கும் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். பிழைத்து வந்தவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வுக்கும் நம் அரசு தாராளமாகக் கொடுக்க வேண்டும். கேசிசி2வைத் தூக்கி நிறுத்தும் மருந்து இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

அதுவரை என்ன வழி? பாராசிட்டமாலும் இபுப்ரோஃபென் வகையும் இந்த வலியில் அவ்வளவாக எடுபடாது. அவை வேறு வகை வலிக்கானவை. காபாபென்டின், பிரகாபலின் இரண்டும் நரம்பு முனையின் கால்சியம் வாயிலைப் பிடித்துச் சமிக்ஞையைத் தணிக்கின்றன. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் இரண்டும் மூளையிலிருந்து கீழே இறங்கும் வலி அடக்கும் பாதைக்கு வலு சேர்க்கின்றன. மனச்சோர்வு மாத்திரை என்று சீட்டில் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். வலிக்கு அமிட்ரிப்டிலினைப் பெரும்பாலும் குறைந்த அளவில்தான் கொடுப்பார்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம். எதையும் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள்: மார்பகப் புற்றுநோய்க்கான தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டுலாக்செடின் தொடங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். தமோக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் ஈரல் நொதியை டுலாக்செடின் ஓரளவு தடுக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது தொடு பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். முதலில் பட்டுத்துணி அல்லது பஞ்சு, பழகியதும் பருத்தித் துணி, அப்புறம் துண்டு என்று, எரியும் இடத்தின் ஓரத்திலிருந்து தினமும் சில நிமிடம் மெல்லத் தடவிப் பழக்குவது. தோளை அசைக்கும் பயிற்சியையும் விடக் கூடாது.

செய்யக் கூடாததையும் சொல்ல வேண்டும். வர்ம ஆசான்மார் நிறைந்த ஊர் நம்முடையது, அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த அக்குளில் சூடான எண்ணெய், கிழி ஒத்தடம், அழுத்தித் தடவுவது எதுவும் வேண்டாம். உணர்வு மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் பார்ப்பீர்கள். கணுக்கள் எடுத்த கையில் ஒரு கொப்புளம் வந்தாலும் தொற்று பிடிக்கலாம், கை வீங்கலாம். ஓதிக் கட்டுகிற கயிறாவது தோலைச் சுடாது. முன்ஜென்மப் பாவம், யாரோ செய்த செய்வினை என்ற பேச்சு அதைவிட ஆழமாகச் சுடுகிறது, அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வலி தணிப்புச் சிகிச்சையை மக்கள் இயக்கமாக வளர்த்த மாநிலம் கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி அது. 2008இல் இதற்கென்றே கொள்கை அறிவித்த முதல் இந்திய மாநிலமும் அதுதான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. களியக்காவிளை தாண்டிப் பரிசோதனைக்குப் போகிற பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, சாகக் கிடப்பவர்களுக்கான இடம் என்று நினைத்துக்கொண்டு. அப்படி இல்லை. குணமானவரின் வலியைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். போகும்போது "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எரிச்சலா குத்தலா, துணி பட்டால் கூடுகிறதா, எந்த இடம் மரத்திருக்கிறது, என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலும், எலும்பில் இதுவரை இல்லாத வலி வந்தாலும், கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.