சுழலும் கிண்ணமும் முறுக்காத குழாயும்

“சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். வெள்ளணு கவுண்ட் 2 லட்சத்தைத் தாண்டியதால் மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டு வெள்ளணுவை எடுத்தார்கள். இது டயாலிசிஸ் மாதிரியா? முழுக்க எடுத்துவிட்டால் நோய் போய்விடுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளணுக்கள் வழக்கமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். தீவிர ரத்தப் புற்றுநோயில் இது 1 லட்சத்தைத் தாண்டலாம். அதிலும் மைலாய்டு என்ற வகையில் வரும் முதிராத அணுக்கள் பெரியவை, விறைப்பானவை, ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்பவை. நுரையீரலிலும் மூளையிலும் உள்ள நுண்குழாய்களை அடைத்துவிடும். மூச்சுத் திணறும், நினைவு தடுமாறும். அந்த நெருக்கடியில், மெஷினால் வெள்ளணுவை மட்டும் பிரித்தெடுப்பதுதான் லூக்கபெரிசிஸ்.

டயாலிசிஸில் சவ்வு வடிகட்டுகிறது. இங்கே பெரும்பாலும், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ்தான். ரத்தத்தை ஒரு கிண்ணத்தில் சுழற்றினால் அடர்த்தி மிகுந்த சிவப்பணு வெளிப்பக்கம் போகும், பிளாஸ்மா உள்பக்கம் நிற்கும், நடுவில் மெல்லிய படலமாக வெள்ளணு சேரும். அந்தப் படலத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மற்றதை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

1960களில் இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சன். மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மருத்துவர் எமில் ஃப்ரைரைக்குடன் சேர்ந்து வேலை செய்தார். பொறியாளரையும் மருத்துவரையும் ஒரே அறையில் உட்காரவைக்கப் பணம் ஒதுக்குவதில் நாம் இன்னும் கஞ்சர்கள்தான்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். குழாயின் ஒரு முனை நோயாளியின் ரத்தக்குழாயில் அசையாமல் இருக்கிறது. மறுமுனை வேகமாகச் சுழலும் கிண்ணத்தில். குழாய் முறுக்கிக்கொண்டு அறுந்துபோக வேண்டாமா? ஜட்சனின் இயந்திரத்தில், அசையாத குழாயையும் சுழலும் கிண்ணத்தையும் கசியாமல் இணைக்கும் சுழலும் சீல் ஒன்று இருந்தது. உரசும் இடம் என்றால் கசிவுக்கும் ரத்த அணுக்கள் சிதைவதற்கும் பயப்பட வேண்டும். சீலே வேண்டாம் என்கிற வழிக்கு டேல் ஆடம்ஸ் என்பவர் 1971இல் காப்புரிமை பெற்றார். 1975இல் ஆய்வாளர் யோய்ச்சிரோ இடோவும் கூட்டாளிகளும் அந்த ஏற்பாட்டை ரத்தத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள்.

உள்ளங்கையில் ஒரு தம்ளர் தண்ணீரை வையுங்கள். தம்ளரைச் சாய்க்காமல் கையை உள்பக்கமாக, அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றுங்கள். கை கோணலாகத் திருகிக்கொள்ளும். விடாமல் அதே திசையில் இன்னொரு சுற்று, இந்த முறை தலைக்கு மேலே. கை பழையபடி நேராகிவிடும்! தம்ளர் இரண்டு முறை சுற்றிவிட்டது, தோளோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இயந்திரத்திலும் இதே கதைதான். குழாய் மேலிருந்து இறங்கி, கிண்ணத்தின் பக்கவாட்டில் வளைந்து, அடியிலிருந்து உள்ளே நுழைகிறது. அந்த வளைவு ஒரு முறை சுற்றிவந்தால் கிண்ணம் இரண்டு முறை சுற்ற வேண்டும். இந்த விகிதம் பிசகாதவரை குழாயில் முறுக்கே சேராது. எலக்ட்ரானும் இரண்டு சுற்று சுற்றினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதை விளக்க இயற்பியலாளர்கள் காட்டுவதும் இந்தக் கை வித்தையைத்தான்.

ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், நோயாளிக்கு உதட்டிலும் விரல்நுனியிலும் சுருசுருவென்று இருக்கும். கால்சியம் கொடுத்தால் அடங்கும்.

ஒரு தடவையில் கவுண்ட் ஏறத்தாழ 30 முதல் 60 சதவீதம் குறையும். ஆனால் வெள்ளணுவைச் செய்யும் தொழிற்சாலை எலும்பு மஜ்ஜையில் ஓடிக்கொண்டே இருக்கிறதே! கீமோ தொடங்காவிட்டால் மறுபடி ஏறிவிடும். ‘கெட்ட ரத்தத்தை எடுத்துவிட்டால் போதும்’ என்று கீறிவிட்டு ரத்தம் எடுக்கும் இடங்களுக்கு நோயாளியைக் கூட்டிப்போகாதீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்த உடம்பில் அது உயிரோடு விளையாடுவது.

இயந்திரத்தின் மீது எனக்குக் காதல் இருந்தாலும், இதனால் தொடக்க வார மரணங்கள் குறைகின்றன என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் பல மருத்துவர்கள் வெள்ளணுவைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையிலும் கீமோவிலும் உடனே இறங்கிவிடுகிறார்கள். புரோமைலோசைட்டிக் என்ற ரத்தப் புற்றுநோய் வகையில் ரத்தம் உறையும் முறையே ஏற்கெனவே குலைந்திருக்கும். இந்த இயந்திரம் அதை மோசமாக்கக்கூடும் என்பதால், அங்கே பொதுவாக இதைத் தவிர்க்கிறார்கள்.