வலி மாத்திரை சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?

பங்குனி வெயிலில் மஞ்சள் வெட்டிவிட்டு வரும் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. "தம்பி, முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டால் டைக்லோபெனாக்கோ அசிக்ளோபெனாக்கோ கைக்கு வந்துவிடுகிறது. பகலெல்லாம் வியர்வை கொட்டி, தண்ணீரும் சரியாகக் குடிக்காத உடம்பு அது. எனக்குப் பயமே அங்கேதான்.

மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அது உருவாகவிடாமல் தடுத்துத்தான் இந்த மாத்திரைகள் வலியைக் குறைக்கின்றன. ஆஸ்பிரினை வைத்து பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் இதை 1971-இல் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின் சிறுநீரகத்துக்குக் காவலாகவும் இருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒன்று. உடம்பில் நீர் வற்றினால் ரத்த அழுத்தம் விழாமலிருக்க ரத்தக்குழாய்கள் சுருங்கும். அப்போது உள்வரும் குழாயைச் சுருங்கவிடாமல் வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்த நாளில் கடைமடைக் காட்டுக்காக மடையை அகலத் திறந்து வைப்பதுபோல. மாத்திரை போட்டதும் மடை சுருங்குகிறது. வடிகட்டல் சரிகிறது.

இளவயதில், நன்றாகத் தண்ணீர் குடிக்கும் உடம்பு ஓரிரு மாத்திரையைத் தாங்கிவிடும். பிரஷருக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டான், கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரை என்று சாப்பிடுபவர்கள் கதை வேறு. முந்தைய இரண்டும் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன, நீர் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது, வலி மாத்திரை உள்வரும் குழாயைச் சுருக்குகிறது. வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. வயிற்றுக்கு நல்லது என்று எட்டோரிகாக்ஸிப் என்ற வேறு வகை வலி மாத்திரை வாங்குபவர்களுக்கும் சிறுநீரகத்தில் இதே ஆபத்துதான்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வடிகட்டல் குறைந்தால் உடம்பிலேயே தேங்கி எலும்பு மஜ்ஜையைத் தாக்கும்.

இதில் எதுவும் வலிக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் உயர்ந்து தெரிவதற்குள் வடிகட்டும் திறன் ஏறத்தாழ பாதி போயிருக்கலாம். சிறுநீர் குறைவதும் கால் வீங்குவதும் தெரிந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளில் மீண்டுவிடும். வருஷக்கணக்கில் தினமும் விழுங்கியவர்களுக்கு ஏற்படும் தழும்பு மறைவதில்லை. அப்புறம், எந்த டாக்டரிடம் போனாலும் மெடிக்கலில் தானாக வாங்கிய மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.