பழைய டெஸ்க்டாப்புக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்

கேமிங் லேப்டாப் வாங்கிச் சில வருடங்கள் ஆனவர்கள் என் பழுதுபார்க்கும் மேசைக்குப் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "லேப்டாப் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது, விளையாட்டு திணறுகிறது. வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டால் போதுமா?" யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கார்டை வாங்கிய பிறகுதான் பலரும் கேபினட்டைத் திறந்து பார்க்கிறார்கள். முதலில் திறந்து பார்த்துவிட்டு, அதற்கேற்ற கார்டை வாங்குவதே முறை.

அதற்கும் முன்னால் லேப்டாப்பை ஒரு முறை கவனியுங்கள். திணறலுக்குக் காரணம் வயதாக இல்லாமல் வெறும் தூசியாக இருக்கலாம். விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். பிராசஸர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். வெப்பம் எல்லை தாண்டும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியை நீக்கிப் பேஸ்ட்டை மாற்றியதும் பழைய வேகம் திரும்பிவிட்ட லேப்டாப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் டச்பேடு மேலெழும்பியிருந்தாலோ, அடித்தகடு புடைத்திருந்தாலோ அது பேட்டரி வீங்கியதன் அடையாளம். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அழுத்தி மூடவோ குத்திப் பார்க்கவோ கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

சுத்தம் செய்தும் போதவில்லை என்றால் டெஸ்க்டாப் பக்கம் வரலாம். ஒரே பெயர் கொண்ட கிராஃபிக்ஸ் சிப்புகூட இரண்டு இடங்களிலும் ஒரே திறனோடு இயங்குவதில்லை. டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதே பெயருள்ள லேப்டாப் சிப்புக்கு 60 முதல் 115 வாட்டுக்குள் ஒரு வரம்பை லேப்டாப் தயாரிப்பாளர் வைத்திருப்பார். டெஸ்க்டாப்பில் வெப்பம் வெளியேற இடமும் தாராளமாக இருக்கிறது.

அந்த 170 வாட்டை யார் கொடுப்பது? அலுவலகங்களில் இருந்து கழித்துக்கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி, பெரும்பாலும் 200 முதல் 300 வாட்டுக்குள்தான் இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 வோல்ட்டில் அது தரக்கூடியது 216 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த வரிசையில்தான். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் 500 வாட் என்று போட்ட மலிவு எஸ்எம்பிஎஸ்களில், இந்த வரிசையைக் கணக்குப் போட்டால் பாதிகூடத் தேறாதவை உண்டு. நம்ப வேண்டியது அட்டவணையை மட்டுமே.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது கன்வர்ட்டர் கேபிள். கார்டுக்கு 8-பின் பவர் இணைப்பு வேண்டும், பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா பவர் முனையில் இருந்து 8-பின்னுக்கு மாற்றும் கேபிள் ஒன்றை யாராவது கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். ஆக மொத்தம் 54 வாட். 8-பின் இணைப்பின் வழியே கார்டு கேட்கக்கூடியதோ 150 வாட். கணினி ஆன் ஆகும், டெஸ்க்டாப் திரையும் வரும், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். கனமான விளையாட்டைத் தொடங்கிச் சற்று நேரத்தில் திரை அணைந்துவிடும். அப்படி வந்த கணினிகளைத் திறந்தால் கருகிய பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடிக்கும். அந்த முனையை இழுத்தால் வராது. பிளாஸ்டிக் உருகிப் பின்னோடு ஒட்டியிருக்கும், மஞ்சள் வயரின் உறை விறைத்துப்போயிருக்கும். திரை அணைந்ததோடு நின்றது அவர்களுடைய நல்ல நேரம். தயவுசெய்து அந்தக் கேபிளை வாங்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்றால், மதர்போர்டுக்குப் போகும் முனையைப் பாருங்கள். வழக்கமான 24-பின் என்றால் பிரச்சினை இல்லை. பிராண்டட் கணினிகள் பலவற்றில் அது 6, 8 அல்லது 10 பின்னாக இருக்கும். அதற்கென்று விற்கும் மாற்றுக் கேபிள்கள் மாடலுக்கு மாடல் வேறுபடும். தவறானதை மாட்டினால் மதர்போர்டு போய்விடும். ஸ்லிம் கேபினட் என்றால் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளேயே நுழையாது.

இப்படிப்பட்ட கணினிகளுக்குத் தனிப் பவர் இணைப்பு தேவைப்படாத கார்டுகளே சரி. மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை தரலாம் என்பது விதி. ஜிடிஎக்ஸ் 1650, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 ஆகியவற்றின் பல மாடல்கள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். பல மாடல்கள் என்றுதான் சொல்கிறேன். 1650-லேயே 6-பின் கேட்கும் தயாரிப்புகளும் உண்டு, எனவே படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவாக 53 வாட்டில் ஓடும். ஆனால் அது நான்கு பாதைகள் வழியாக மட்டுமே மதர்போர்டோடு பேசுகிறது. பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட்டில் அந்தப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடுவதால், 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் தடுமாற்றம் கண்ணுக்கே தெரியும். சில ஸ்லிம் மாடல்களின் ஸ்லாட்டில் 75 வாட்கூடக் கிடைக்காது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் வரம்பு எழுதியிருக்கும்.

பிராசஸரின் தலைமுறையையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. வாலரன்ட் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11-இல் டிபிஎம், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இல்லாமல் திறக்கவே மாட்டா. 6, 7-ஆம் தலைமுறை இன்டெல் போர்டில் 8-ஆம் தலைமுறைப் பிராசஸரைப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. சாக்கெட்டின் அளவு ஒன்றேயானாலும் அந்தப் போர்டு அதை ஏற்காது. உங்கள் டெஸ்க்டாப் விண்டோஸ் 11 கேட்பதைவிடப் பழையது என்றால், விளையாட்டுக்காக அதில் பணம் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

லேப்டாப்பில் இருந்து ராமைக் கழற்றி டெஸ்க்டாப்பில் போட முடியாது, அளவே வேறு. எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் போடலாம், அதற்கான ஸ்லாட் இருந்தால். ஆனால் கழற்றும் முன்பு லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கோப்புகளைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். நீங்களாக ஆன் செய்யாமலேயே பல லேப்டாப்புகளில் அது ஆன் ஆகியிருக்கும். வேறு கணினியில் மாட்டியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் குடும்பப் படங்களையும் கோப்புகளையும் என்னாலும் எடுத்துத் தர முடியாது, வேறு யாராலும் முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு ஸ்குரூடிரைவரை எடுங்கள்.