சர்வர் யாரையும் தேடிப் போவதில்லை

நான் சிஸ்டம் அட்மின் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் காலையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இனி எந்தக் கணினியிலும் பென் டிரைவ் வேலை செய்யக் கூடாது. கையில் ஒரு தாளோடு மேசை மேசையாகப் போனேன். "ரெண்டு நிமிஷம் எழுந்துக்கறீங்களா சார்" என்று கேட்டு, உட்கார்ந்து, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி, தாளில் ஒரு டிக். மூன்றாம் மாடியை முடிப்பதற்குள் முதல் மாடியில் இரண்டு பேர் பழையபடி மாற்றிவிட்டிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அட்மின் உரிமை இருந்த காலம் அது.

இந்த அலைச்சலுக்கு விண்டோஸுக்குள்ளேயே ஒரு தீர்வு இருக்கிறது. பெயர் குரூப் பாலிசி. விண்டோஸ் 2000 வெளிவந்தபோது, நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் பதிந்துவைக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு சேர்ந்து வந்தது. அட்மின் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே "பென் டிரைவ் கூடாது" என்று ஒரு விதியை எழுதிவைத்தால் போதும், எல்லாக் கணினிகளும் அதன்படி நடக்கும். இதைக் கேட்டதும், சர்வர் ஒவ்வொரு கணினியாகத் தேடிப் போய் உத்தரவு போடுகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு.

சர்வர் விதிகளை ஒரு பொதுவான கோப்புறையில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. அந்தக் கோப்புறைக்கு சிஸ்வால் என்று பெயர். கணினிகள்தான் வந்து கேட்கின்றன. கணினி இயங்கத் தொடங்கும்போது இயந்திரத்துக்கான விதிகளைக் கேட்கும். ஒருவர் லாகின் செய்யும்போது அவருக்கான விதிகளைக் கேட்கும். அப்புறம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை "புதிதாக ஏதாவது உண்டா?" என்று மறுபடி கேட்கும்.

இந்த 'ஏறக்குறைய' முக்கியமானது. இயல்பான இடைவெளி 90 நிமிடம். அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோ ஓர் எண்ணை ஒவ்வொரு கணினியும் தானே குத்துமதிப்பாகக் கூட்டிக்கொள்ளும். ஏன்? 300 கணினிகள் உள்ள அலுவலகத்தில் காலை 9 மணிக்கு எல்லோரும் ஸ்விட்சைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 90 நிமிடம் என்றால், 10:30 மணிக்கு 300 கணினிகளும் ஒரே நொடியில் சர்வரின் கதவைத் தட்டும். அரை மணி நேரத்துக்குப் பரவிவிட்டால், சராசரியாக நிமிடத்துக்குப் பத்துதான். இத்தனை சின்ன ஏற்பாட்டில் ஒரு பெரிய நெரிசல் காணாமல் போகிறது. இதை முதலில் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கேட்க வரும் கணினி எல்லாவற்றையும் முதலிலிருந்து படிப்பதும் இல்லை. ஒவ்வொரு விதித் தொகுப்புக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. போன முறை பார்த்த அதே எண் என்றால், வேலை பெரும்பாலும் அதோடு முடிந்தது. பாதுகாப்பு தொடர்பான விதிகள் மட்டும் விலக்கு. எண் மாறாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை அவை மறுபடி எழுதப்படும், நடுவில் யாராவது கைவைத்திருந்தால் சரியாகிவிட வேண்டும் என்பதற்காக. மூன்று நாள் வெளியூர் போய்வந்த லேப்டாப்புக்கும் யாரும் தனியாக எதையும் செய்ய வேண்டாம். அலுவலக நெட்வொர்க்கில் சேர்ந்ததும் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

விதியை நீக்கினால் என்ன ஆகும்? இதற்கு முன்பு விண்டோஸ் என்டி 4.0 காலத்தில் இருந்த முறையில், ஒருமுறை எழுதியது ரெஜிஸ்ட்ரியில் அப்படியே நின்றுவிடும். விதியை எடுத்துவிட்டாலும் அதன் தடம் போகாது. அட்மின்கள் அதைப் பச்சை குத்துவது என்றே சொன்னார்கள். குரூப் பாலிசியோ, இப்படிப்பட்ட மதிப்புகளுக்கென்று ரெஜிஸ்ட்ரியில் தனி இடம் ஒதுக்கியது. சாதாரணப் பயனர் அங்கே எழுத முடியாது. விதி போனால் மதிப்பும் தானாக அழிந்துவிடும்.

சில நேரம் நாம் எழுதியது ஒன்று, கணினியில் நடப்பது வேறொன்று என்று ஆகும். காரணம் அடுக்கு. முதலில் அந்தக் கணினியின் சொந்த விதி, அடுத்து கிளைக்கான விதி, அப்புறம் முழு நிறுவனத்துக்கான விதி, கடைசியில் அந்தக் கணினி இருக்கும் துறையின் விதி. முரண்பட்டால் பொதுவாகக் கடைசியில் வந்தது ஜெயிக்கும். மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் ஜிபிரிசல்ட் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், எந்த விதி ஜெயித்தது என்று அதுவே காட்டிவிடும்.

கணினியே முன்வந்து செய்யட்டும் என்ற இதே எண்ணம் இன்னோர் இடத்திலும் கைகொடுத்தது. ஒவ்வொரு கணினியிலும் உள்ளூர் அட்மின் கணக்கு, அதாவது அந்தக் கணினிக்கே உரிய அட்மின் கணக்கு, ஒன்று இருக்கும். பல அலுவலகங்களில் அத்தனைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். ஒரு கணினியில் அது திருடு போனால் 300 கணினிகளும் திறந்த வீடு. குரூப் பாலிசி வழியாகவே இந்தப் பாஸ்வேர்டை அனுப்பும் வசதியும் ஒருகாலத்தில் இருந்தது. அது சிஸ்வாலில் மறையாக்கம் செய்து வைக்கப்பட்டது. ஆனால் அதைத் திறக்கும் சாவியை மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. சிஸ்வாலையோ நிறுவனத்தில் கணக்குள்ள யாரும் படிக்கலாம். 2014 மே மாதம் அந்த வசதியை முடக்கினார்கள்.

அடுத்த ஆண்டு, இந்த உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டுகளைக் கவனித்துக்கொள்ளவென்றே மைக்ரோசாஃப்ட்டின் லாப்ஸ் என்ற கருவி வந்தது. 2023 ஏப்ரலில் விண்டோஸுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இதில் பாஸ்வேர்டை யாரும் அனுப்புவதில்லை. கணினியே தனக்கென ஒன்றை உருவாக்கி, ஆக்டிவ் டைரக்டரியில் தன் பெயருக்கு எதிரே எழுதிவைக்கிறது. அனுமதி உள்ளவர் மட்டும்தான் அதைப் படிக்க முடியும். வேறொன்றும் மாற்றாவிட்டால் நீளம் 14 எழுத்து, ஆயுள் 30 நாள்.

இப்போது பழுது பார்க்கப் போகும் பையன் அந்த ஒரு கணினியின் பாஸ்வேர்டை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போகிறான். அந்தக் கணக்கில் அவன் நுழைந்தது கணினிக்குத் தெரியும். புதிய லாப்ஸில் 24 மணி நேரம் கழிந்ததும் அது பாஸ்வேர்டைத் தானே மாற்றிவிடுகிறது. சீட்டு அவன் சட்டைப்பையிலேயே கிடந்தாலும் பரவாயில்லை.