ரிஸ்க்: இடர், துணிவு, பொறுப்பு

‘ரிஸ்க்’ என்னும் சொல் இன்று தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை முதல் பாட்டி வரை எல்லார் வாயிலும் வழங்குகிறது. மதுரைப் பக்கத்தில் அது ஓர் உகரத்தையும் ஏற்று ‘ரிஸ்க்கு’ ஆகிவிட்டது. ‘ரிஸ்க்கு எடுக்காதடா தம்பி’ என்று அறிவுரையிலும், ‘அது ரொம்ப ரிஸ்க்கான வேலைண்ணே’ என்று எச்சரிக்கையிலும், ‘ரிஸ்க்கு எடுத்தாத்தான் மேல வரலாம்’ என்று வியாபாரப் பேச்சிலும் அது இயல்பாகப் புழங்குகிறது. இதற்கு ஈடாக நம் அகராதிகளும் அரசு ஆவணங்களும் இடர், இடர்ப்பாடு, ஆபத்து, அபாயம் எனப் பல சொற்களைத் தருகின்றன. ஆனால் மேற்கண்ட மூன்று வாக்கியங்களிலும் இவற்றுள் ஏதேனும் ஒன்றையே மாறாமல் பெய்து பார்த்தால், ஓரிடத்தில் பொருந்துவது மற்றோரிடத்தில் பொருந்தாமல் நிற்கும். தலைக்கவசம், சல்லிக்கட்டு, பட்டாசு ஆலை என்று எதைப் பற்றிச் சட்டம் வந்தாலும் ‘என் உயிர், என் உரிமை’ என்பாருக்கும் ‘பாதுகாப்பே முதன்மை’ என்பாருக்கும் மூளும் வாதம் முடிவில்லாமல் நீள்வதற்கும் இந்தப் பொருந்தாமைக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்துக்கு இது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து வந்தது. இத்தாலியின் செனோவா நகரத்து ஆவண எழுத்தர்கள் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கடல் வணிக ஒப்பந்தங்களில் ‘ரெசிகும்’ என்னும் இலத்தீன் வடிவம் காணப்படுகிறது. கப்பல் கவிழ்ந்தால் இழப்பு கடன் கொடுத்தவருக்கா, வாங்கியவருக்கா என்று முன்கூட்டியே எழுதிவைப்பதற்கே அவர்களுக்கு இச்சொல் தேவைப்பட்டது. அதாவது, எழுத்தில் நாம் காணும் முதல் நிலையில் இது வீரத்தைக் குறித்த சொல்லாகவோ அச்சத்தைக் குறித்த சொல்லாகவோ இருக்கவில்லை. கணக்குப்பிள்ளையின் சொல்லாக இருந்தது.

அதற்கு முந்திய வேர் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடற்பாறையையும் வேரையும் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பார் சிலர். ‘வெட்டு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை என்பார் வேறு சிலர். இறைவன் அளிக்கும் வாழ்வாதாரத்தைக் குறிக்கும் ‘ரிஸ்க்’ என்னும் அரபுச் சொல் என்பாரும் உளர். இந்த மூன்றாவது கருத்து மதுரையில் ஒரு வேடிக்கையை உண்டாக்குகிறது. முஸ்லிம்கள் வாழும் காஜிமார் தெருவில் ‘ரிஸ்கில் பரக்கத்’ வேண்டி ஒருவர் இறைஞ்சும்போது, அவர் கேட்பது உணவும் பிழைப்பும் பெருக வேண்டும் என்பதைத்தான். ஏறத்தாழ ஒரே எழுத்துக்கள் ஒரே ஊரில் ஒரு வாயில் பிழைப்பையும் மற்றொரு வாயில் பிழைப்புக்கு வரும் கேட்டையும் குறிக்கின்றன. இலத்தீன் கருத்தும் தமிழனுக்குச் சுவையானதுதான்: நம் ‘துணி’ என்னும் வினையும் வெட்டுதலையும் முடிவு செய்தலையும் ஒருங்கே குறிப்பது. இந்த ஒப்புமையைக் கொண்டு இரண்டும் உறவுச் சொற்கள் என்று எவரேனும் கட்டுரை எழுதப் புறப்பட்டால் அவரைத் தடுத்துவிடலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘இடர்’ என்பது ‘இடறு’ என்னும் வினையோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. நடக்கிறவன் காலில் அவன் எதிர்பாராமல் தட்டுப்படுவது அது. ‘இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும்’ என்று சம்பந்தர் அடுக்கும்போது, இடரும் தளர்ச்சியும் நோயும் மனிதன் மேல் வந்து கவிவனவாகவே நிற்கின்றன. இடர் வரும், இடர் உறுவோம், இடர் களைவோம். ‘அவன் இடர் எடுத்தான்’ என்று சொன்னால் தமிழ்ச் செவி அதை ஏற்பதில்லை. வடமொழியிலிருந்து வந்த ஆபத்தும் அபாயமும் இவ்வகையைச் சேர்ந்தனவே. மின்மாற்றியில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்கும் ‘அபாயம்’ என்னும் பலகை, கேடு அங்கே இருக்கிறது என்கிறது. அதைத் தொடப்போகிறவனைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

தொடப்போகிறவனைப் பற்றிச் சொல்வது ‘துணிவு’. ‘எண்ணித் துணிக கருமம்’ என்னும் குறளில் துணிதல் என்பது ஆராய்ந்து முடிவெடுத்து இறங்குதல். பேச்சுவழக்கில் அது வெறும் தைரியமாகச் சுருங்கிவிட்டது ஒரு குறையே. ஏனெனில் வள்ளுவர் தைரியத்தை அளவின்றிப் புகழ்ந்தவர் அல்லர். ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்றவர் அவர். ‘ஆக்கம் கருதி முதல்இழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்’ என்னும் குறளோ, செனோவா எழுத்தர் கையில் கொடுத்திருந்தால் ஒப்பந்தத்தின் தலைப்பில் எழுதிக்கொண்டிருப்பார்கள். வரக்கூடிய இலாபத்துக்காகக் கைமுதலையே பணயம் வைக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது, ‘ரிஸ்க்’ என்பதன் வணிகப் பொருளை அப்படியே பிடித்துவிடுகிறது.

மூன்றாவது ஒரு சொல்லை அகராதிகள் இவ்விடத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் மதுரையில் வண்டி நிறுத்துமிடம் எதற்குப் போனாலும் அது பலகையில் எழுதியிருக்கும். ‘வாகனங்களைத் தங்கள் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்.’ ஆங்கிலப் பலகையில் ‘ரிஸ்க்’ இருக்கும் இடத்தில் தமிழ்ப் பலகை ‘பொறுப்பு’ என்கிறது. பெயரறியாத அந்த மொழிபெயர்ப்பாளர் எவராயினும் அவரைப் பாராட்ட வேண்டும்: சொல்லின் பழைய ஒப்பந்தப் பொருளை, அதாவது இழப்பு யார் தலையில் விழும் என்பதை, அவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

ஆக, ஆங்கிலம் ஒரு சொல்லில் கட்டிவைத்ததைத் தமிழ் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: நேரக்கூடியது இடர், நேருமென்று தெரிந்தும் இறங்குவது துணிவு, நேர்ந்தபின் சுமப்பது பொறுப்பு. சட்டத்துக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் உள்ள வழக்கை இந்த மூன்றையும் கொண்டு பிரித்துப் பார்க்கலாம்.

ஆங்கிலேய மெய்யியலாளர் சான் சுடூவர்ட் மில் 1859இல் எழுதிய ஓர் எடுத்துக்காட்டு இவ்வாதத்தில் அடிக்கடி வரும். உடையும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவன் ஏறப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை, அவனைப் பிடித்து இழுத்தால் அவன் சுதந்திரத்தைப் பறித்ததாகாது, ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று. ஆனால் கேடு உறுதியாக வருமென்று இல்லாமல் வரக்கூடும் என்ற அளவிலேயே இருந்து, அவனும் அதை அறிந்திருந்தால், எச்சரிப்பதோடு நிறுத்த வேண்டும் என்பது மில்லின் முடிவு. நம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் காக்கிறது. இரண்டும் மோதினால் எது முந்தும் என்பதை அவ்வாக்கியம் சொல்வதில்லை.

தலைக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்களித்து, இருசக்கர வாகனத்தில் செல்லும் மற்றெல்லாருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2007இல் ஒரு முறையும், உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலையில் மறுமுறையும் அது கடுமையாக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியது. ஒவ்வொரு முறையும் சில வாரம் தலையில் இருந்தது, பிறகு கண்ணாடிக்கோ பெட்ரோல் தொட்டிக்கோ இறங்கிவந்தது. புதுவண்டி வாங்கியவர் பாண்டி கோவிலுக்கு ஓட்டிப் போய், மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு திரும்புவதை மதுரையில் யாரும் முரண்பாடாகப் பார்ப்பதில்லை. அவர் இடரை மறந்தவர் அல்லர். ‘வண்டியில கண்டம்’ என்று சோதிடர் சொன்னதை வீட்டாரோடு சேர்ந்து அஞ்சுகிறவர்தான். அவர் கணக்கில் இடர் வருவது கிரகத்திலிருந்து, தார்ச்சாலையிலிருந்து அன்று. கிரகத்துக்குப் பரிகாரம் செய்தாயிற்று, பிறகு கவசம் எதற்கு?

இவர் காவலரிடம் ‘என் தலை, என் இஷ்டம்’ என்கிறபோது துணிவின் மொழியில் பேசுகிறார். ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ என்னும் காவல்துறையின் வாசகம் இடரின் மொழியில் பதில் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. வாதம் பொறுப்புக்கு வந்தால்தான் தெளிவு பிறக்கும். தென்மாவட்டங்களிலிருந்து தலைக்காயத்தோடு கொண்டுவரப்படுவோர் சேரும் அரசு இராசாசி மருத்துவமனையின் வாசலில் இரவெல்லாம் நிற்பவர்கள் அந்த இஷ்டத்தில் பங்கு கேட்டவர்கள் அல்லர். இழப்பில் மட்டும் பங்குபெறுபவர்கள். அதைவிடக் கூர்மையானது, கணவன் தலையில் மட்டும் கவசம் இருக்க, மனைவியும் முன்னால் நிற்கும் பிள்ளையும் வெறுந்தலையோடு போகும் காட்சி. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நான்கு வயதைத் தாண்டிய குழந்தையையும் இக்கடமைக்குள் கொண்டுவந்ததை நான் இக்காரணத்தால் சரியென்றே கருதுகிறேன். ஒருவர் துணிவு மற்றொருவருக்கு இடராக மாறும் இடத்தில் மில்லும் சட்டத்தின் பக்கமே நிற்பார்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புச் சாதனம் வந்ததும் மனிதர் அந்த அளவுக்கு அசட்டையாகிவிடுவர், ஆகவே சட்டத்தால் பயன் குறைவு என்று அமெரிக்கப் பொருளியலாளர் சாம் பெல்ட்சுமன் 1975இல் வாதிட்டார். பொதுவில் இது எண்ணத்தக்கது. தலைக்கவசத்துக்கு மட்டும் அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மதிப்பீடு, அது விபத்தில் இறப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் காட்டுகிறது. 1969இல் சான்சி சுடார் என்னும் அமெரிக்கப் பொறியாளர் கண்டது இன்னும் சுவையானது: தாமே விரும்பி ஏற்கும் இடரை மக்கள், தம்மேல் ஏற்றப்படும் இடரைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை பொறுத்துக்கொள்கிறார்கள். தெருவில் செல்பேசிக் கோபுரம் வரக் கூடாது என்று மனு எழுதியவர், அதைக் கொடுப்பதற்கு வெறுந்தலையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை வண்டியில் போவதன் காரணம் இதுவே.

துணிவைச் சமூகமே போற்றும் இடம் சல்லிக்கட்டு. ‘கொல்லேற்றுக் கோடஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்’ என்கிறது கலித்தொகை. கொம்புக்கு அஞ்சியவனுக்கு மறுபிறப்பிலும் பெண் இல்லை. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் முன் நிற்கிறவனிடம் ஆபத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வழக்கு 2006இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தபோது, சல்லிக்கட்டில் மகனை இழந்த ஒரு தந்தையும் அதில் ஒரு தரப்பாக இருந்தார். ‘விதி முடிஞ்சிருச்சு’ என்று மண்ணைப் போட்டுத் திரும்பும் வழக்கத்திலிருந்து, ‘ஏன் தடுப்பு இல்லை’ என்று கேட்கும் வழக்கத்துக்கு ஊர் நகர்ந்ததை அது காட்டுகிறது. 2009ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம், 2014இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரிப் போராட்டமும் அதையொட்டிய சட்டத் திருத்தமும், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது என நீண்ட அந்தக் கதையில், பெரும்பாலும் காளையின் துன்பமும் பண்பாட்டு உரிமையுமே பேசப்பட்டன. மனித இடரைப் பற்றிய ஏற்பாடுகள் சத்தமில்லாமல் நிலைத்துவிட்டன: வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, தரையில் தென்னை நார்க்கழிவு, பார்வையாளருக்கு இரட்டைத் தடுப்புவேலி. களத்தில் இறங்குபவனின் துணிவை விட்டுவைத்து, வேடிக்கை பார்க்க வந்தவனின் இடரை மட்டும் நீக்குவதே அந்த இரட்டை வேலியின் வேலை. சுதந்திரத்தையும் பாதுகாப்பையும் இவ்வளவு சரியாகப் பிரித்த சட்ட ஏற்பாடு வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் இப்பிரிவினை கெட்டுப்போகிறது. ஓர் அறையில் இருக்கக்கூடிய ஆட்களுக்கும் மருந்தின் அளவுக்கும் வெடிபொருள் விதிகள் வரம்பு வைத்துள்ளன. எண்ணிக்கைக்குக் கூலி என்னும்போது, தீபாவளி நெருங்கும் மாதங்களில் வேகம் கூலியாகவும் நிதானம் நட்டமாகவும் ஆகிவிடும். அங்கே வேலை செய்பவர் ‘ரிஸ்க் எடுக்கிறார்’ என்று சொல்வது பிழை. அவர்மேல் இடர் வைக்கப்படுகிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது போலும்: அப்படி இறங்க ஆள் சம்மதித்தான் என்பதை அது ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை.

எனவே ஈடான சொல் எது? பேரிடர் மேலாண்மை என்று அரசு வழங்கத் தொடங்கியபின், ‘இடர்’ என்பது நேர்ந்துவிட்ட கேட்டையே மிகுதியாகச் சுட்டுகிறது. நேரக்கூடும் என்னும் வாய்ப்பைச் சுட்ட இலங்கைத் தமிழர் ‘இடர்நேர்வு’ என்கின்றனர். அவர்களுடைய வங்கி ஆவணங்களில் ‘இடர்நேர்வு முகாமைத்துவம்’ என்பது நிலைபெற்ற தொடர். காப்பீடு, மருத்துவம், பொறியியல் ஆகியவற்றுக்கு இதையே நாமும் கொள்ளலாம். பரஸ்பர நிதி விளம்பரங்கள் கூறும் ‘சந்தை அபாயங்கள்’ என்பது மின்மாற்றிப் பலகையை நினைவூட்டுவதால் எனக்கு உவப்பில்லை. ‘ரிஸ்க் எடுத்தல்’ என்பதற்குத் துணிதல் போதும். கணக்கிட்டு இறங்குவதற்கு எண்ணித் துணிதல். பலகைகளில் ‘பொறுப்பு’ அப்படியே இருக்கட்டும். பேச்சில் ‘ரிஸ்க்கு’ இருப்பதில் எனக்கு வழக்கில்லை.

மூன்றும் ஒருங்கே வேண்டிய ஓரிடம் அறுவைச் சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் படிவம். ‘ரிஸ்க் இருக்கு, கையெழுத்துப் போடுங்கம்மா’ என்ற ஒரு வாய்மொழியில் அங்கே எல்லாம் கலந்துவிடுகிறது; எதுவானாலும் இனித் தம் தலைமேல்தான் என்று கையெழுத்திடுபவர் எண்ணிக்கொள்கிறார். படிவத்தின் தமிழ் வாசகம் இப்படி இருக்கலாம்: ‘இந்தச் சிகிச்சையில் இன்னின்ன இடர்நேர்வு உண்டென எனக்கு விளக்கப்பட்டது, அதை அறிந்து நான் துணிந்து இசைகிறேன், கவனக்குறைவால் விளையும் கேட்டுக்கான மருத்துவரின் பொறுப்பு இதனால் நீங்காது.’