நூற்றுக்கு இரண்டு வட்டி

சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில், கும்பகோணத்திலுள்ள எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு வருமான வரிக் கணக்கோடு வேறு சில காகிதங்களும் வந்து சேரும். பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்தது, ஒரு நிதி நிறுவனம் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த பங்குதாரர் ஒப்பந்தம். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. "இதற்கு வரி உண்டா சார்?" என்று மட்டுமே கேட்டார். நடத்துபவர் கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுப்பவர் என்பதே அவருக்குப் போதிய ஜாமீனாக இருந்தது.

அவருக்கு அர்பத்நாட் நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். சென்னையில் வணிகத்தையும் வங்கித் தொழிலையும் சேர்த்து நடத்திய அந்த ஆங்கிலேயக் கூட்டாண்மை நிறுவனம், 1906 அக்டோபர் 22 அன்று பணம் கொடுப்பதை நிறுத்தியது. லண்டன் பங்குதாரர் மக்ஃபாடியன் ஊக வணிகத்தில் பெருந்தொகையை இழந்து, இரண்டு நாள் முன்புதான் தற்கொலை செய்துகொண்டிருந்தார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. தொழிலில் நட்டம் வருவது குற்றமன்று. முழுகிவிட்டோம் என்று தெரிந்தும் புதிதாக வைப்புத்தொகை வாங்குவதை எந்தத் தணிக்கையாளராலும் மன்னிக்க முடியாது.

அர்பத்நாட் மீண்டும் எழவில்லை. நம் திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முதல் திரட்ட, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. (கும்பகோணம் 1904-லேயே தனக்கென ஒரு வங்கியை வைத்துக்கொண்டது, அதுவே இன்றைய சிட்டி யூனியன் வங்கி என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள்.)

நிதித் தொழில் செய்யும் தனிநபரோ கூட்டாண்மை நிறுவனமோ பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கிச் சட்டம் தடை விதிக்கிறது. அதனால்தான் அந்தக் காகிதத்தில் 'வைப்பு' என்ற சொல்லே இல்லை. பணம் போட்டவர் 'பங்குதாரர்' ஆகிவிடுகிறார். உண்மையிலேயே பங்குதாரர் என்றால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் கடனுக்கு அவருடைய நிலமும் பொறுப்பாகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வங்கியில் போட்டால் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இங்கே அதுவும் இல்லை. வைப்புத்தொகை வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்றிருக்க, இவர்கள் தருவதாகச் சொன்னது 24.

சென்ற ஆண்டின் ஐந்தொகையை, அதாவது நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கை, கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்தார். ஐந்தொகை கேட்டதற்கு, அரை வட்டி கூட்டித் தருகிறோம் என்றார்களாம்.